பூட்டைச் சோதிக்கக் கள்ளச்சாவி வேண்டும்

பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் "அந்தக் காயின் மோசடிதானே?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் "அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. காயின் எதுவும் வாங்காமலே நாமும் அந்த வலைக்குள் வந்துகொண்டிருக்கிறோம்.

2020 செப்டம்பரில் அன்றைய முதல்வர், நம் சேலம் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி, தமிழ்நாட்டுக்கென்று ஒரு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டார். மாநில மின்னாளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் ஒரு பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியது. ‘இ-பெட்டகம்’ செயலியில் அரசுச் சான்றிதழ்கள் நம் கைப்பேசிக்கு வருவது அதன் துணையோடுதான். மத்திய அரசும் 2024 செப்டம்பர் 4 அன்று ‘விஷ்வஸ்யா’ என்ற பிளாக்செயின் தொழில்நுட்பத் தொகுப்பைத் தொடங்கிவைத்தது. புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்களின் அரசுத் தரவு மையங்களில் அது இயங்குகிறது.

ஆகவே பேத்தியின் மதிப்பெண் சான்று, பேரனின் சாதிச் சான்று, நாளைக்கே நம் தோட்டத்துப் பட்டா என்று எதுவும் இதற்குள் போகலாம். போகட்டும், நான் எதிரி அல்ல. ஆனால் திறப்பு விழாச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுகிறது. அந்த மென்பொருளில் ‘இது செல்லாது’ என்று சொல்ல வேண்டிய பகுதியை யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள்?

இந்தக் கேள்வி என் தொழிலிலிருந்து வந்தது. மின்வாரியத்தில் எம்.ஆர்.டி., அதாவது மீட்டர்களையும் ரிலேக்களையும் சோதிக்கும் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ரிலே என்பது விசித்திரமான சாமான். மீட்டர் நாள் முழுக்க வேலை செய்யும். டிரான்ஸ்ஃபார்மர் நாள் முழுக்க வேலை செய்யும். ரிலே மட்டும் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஐந்து வருடம், பத்து வருடம்கூட அதற்கு வேலை வராமல் போகலாம். ஏதோ ஒரு ஐப்பசி இரவில் கொல்லிமலைப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தால், அந்த நொடியில் அது பிரேக்கரைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும், ஆளும் போவான்.

சும்மா இருக்கும் ரிலேயைப் பார்த்து அது நல்ல ரிலேயா கெட்டுப்போன ரிலேயா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் நாங்கள் செய்வது இதுதான்: அதை லைனிலிருந்து பிரித்து, சோதனைப் பெட்டியிலிருந்து வேண்டுமென்றே கோளாறு கரண்டைச் செலுத்துவோம். பழைய தட்டு சுழலும் ரிலேயில் நேர அமைப்பு முழுதாக 1-ல் இருந்தால், குறித்த அளவைப் போல 2 மடங்கு கரண்டுக்குச் சுமார் 10 வினாடியிலும், 10 மடங்கு கரண்டுக்குச் சுமார் 3 வினாடியிலும் அது டிரிப் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கையெழுத்து; கொடுக்காவிட்டால் கழற்றி ஒர்க்‌ஷாப். "இத்தனை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லையே சார்" என்று யாராவது சொன்னால் அது எங்கள் படிவத்தில் ஏறாது.

இனி பிளாக்செயினுக்கு வருவோம். நம் ஊர் ஏலச்சீட்டில் ஒருவர் மட்டும் கணக்கு எழுதினால் அவர் எழுதியதே கணக்கு. சீட்டில் இருக்கும் 20 பேரும் ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு மாதமும் எல்லோரும் எழுதி, ஒருவர் எழுதியதை மற்ற 19 பேரும் சரிபார்த்தால்? அதுதான் பிளாக்செயினின் அடிப்படை. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் விரல் ரேகை மாதிரி ஒரு சுருக்கக் குறி இருக்கும். நடுவில் ஒரு எழுத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் குறிகளும் பொருந்தாமல் போய்விடும். இப்படிப் புத்தகம் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ‘நோட்’ என்கிறார்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

புதுப் பக்கம் வந்ததும் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகச் சில கேள்விகளைக் கேட்கும். கையொப்பம் உரியவருடையதுதானா? கொடுக்கும் பணம் உண்மையில் அவரிடம் இருக்கிறதா? ஏற்கெனவே செலவான பணமா? வரவைவிடச் செலவு அதிகமாக இருக்கிறதா? ஒன்று தவறினாலும் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். இந்தச் சரிபார்ப்புப் பகுதிதான் பிளாக்செயினின் ரிலே. சாதாரண நாட்களில் வருவதெல்லாம் சரியான கணக்காகவே இருப்பதால் அதன் தரம் வெளியே தெரியாது.

இது கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிட்காயினின் வரலாற்றிலேயே மூன்று பாடங்கள் இருக்கின்றன. பிட்காயினை வாங்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அதன் மென்பொருள் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. தவறுகளும் தேதியோடு பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பாடம் 2010 ஆகஸ்ட் 15. 74638-ஆம் பக்கத்தில் ஒரு பரிமாற்றம் நுழைந்தது. இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,223 கோடி காயின். பிட்காயினில் என்றைக்கும் 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பிறகு எப்படி நுழைந்தது? மீட்டர் ரீடிங் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். 5 இலக்க மீட்டர் 99999 வரை ஓடி, அடுத்த யூனிட்டில் 00000 என்று திரும்பிவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு யூனிட்கூட ஓடாத புது மீட்டர் என்று தோன்றும். மென்பொருளுக்குள்ளும் அதேதான் நடந்தது. இரண்டு பெருந்தொகைகளையும் கூட்டியபோது எண் வரம்பைத் தாண்டிச் சுற்றி வந்து பூஜ்யத்துக்கும் கீழே நின்றது. ‘வரவைவிடச் செலவு அதிகமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது. சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துத் திருத்தம் வெளியிட்டார்கள். அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு நல்ல சங்கிலி முன்னேறியது. அப்போது காயினுக்குப் பெரிய மதிப்பில்லை என்பதால் யாருடைய வீடும் மூழ்கவில்லை.

கேள்வி கேட்கும் பகுதி அங்கே இருந்தது. ஆனால் அபத்தமான பெரிய எண்ணைக் கொடுத்து அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சாதாரணத் தொகையைக் கொடுத்து ஆயிரம் தடவை சோதித்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

இரண்டாவது பாடம் 2018 செப்டம்பர். இதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. கடைக்காரரிடம் ஒரே 500 ரூபாய்த் தாளை இரண்டு தடவை எண்ணிக் காட்டி 1,000 ரூபாய் என்று சொல்வது போல, ஒரு பரிமாற்றத்துக்குள் ஒரே காயினை இரண்டு தடவை வரவு காட்டக் கூடாது. இதைத் தடுக்க 2012-இலேயே ஒரு சோதனை சேர்த்திருந்தார்கள். 2017 மார்ச்சில் வந்த 0.14 பதிப்பில், வேகத்துக்காகப் பக்கங்களைச் சரிபார்க்கும் இடத்தில் அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டார்கள். மிச்சமானது கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. "பின்னால் இன்னொரு சோதனை இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும்" என்பது எண்ணம். பின்னால் இருந்ததும் பிடித்தது, ஆனால் முரட்டுத்தனமாக: கள்ளக் கணக்கு வந்தால் நோட்டையே நிறுத்திவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 0.15 பதிப்பில் அந்தப் பின்பகுதியையும் வேறு காரணத்துக்காக மாற்றி அமைத்தார்கள். அதன் பிறகு சில சந்தர்ப்பங்களில் கள்ளக் கணக்கு அப்படியே உள்ளே போகும் நிலை வந்துவிட்டது.

தனித்தனியாக வரும் பரிமாற்றங்களைப் பார்க்கும் முன்வாசலில் பழைய சோதனை இருந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே முன்வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. பக்கம் பக்கமாக மூட்டை வந்து இறங்கும் பின்வாசலில்தான் தாழ்ப்பாள் இல்லை. 2017 டிசம்பரில் ஒரு காயின் ஏறத்தாழ 20,000 டாலருக்குப் போய் உலகமே வாய் பிளந்த நாட்களிலும் பின்வாசல் அப்படித்தான் இருந்தது.

2018 செப்டம்பர் 17 அன்று ‘அவேமனி’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். அவர் போட்டி முகாமான பிட்காயின் கேஷில் வேலை செய்தவர். நினைத்திருந்தால் ஊர் சிரிக்க விட்டிருக்கலாம். அவர் உரியவர்களிடம் ரகசியமாகச் சொன்னார். மறுநாளே திருத்திய பதிப்பு வெளிவந்தது. அதோடு ஒரே காயினை இரண்டு தடவை வரவு காட்டும் கள்ளப் பக்கத்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தார்கள். முழு உண்மையையும் செப்டம்பர் 20 அன்று வெளியிட்டார்கள். பிட்காயினின் முதன்மைச் சங்கிலியில் யாரும் அந்த ஓட்டையைப் பயன்படுத்தியிருக்கவில்லை. புண்ணியம்!

எங்கள் தொழிலில் இதற்கு இணையான ஒரு விதி உண்டு. ரிலேக்குக் கரண்ட் கொடுத்து, அதன் முள் அசைந்தது என்பதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. அங்கிருந்து கம்பி வழியாகச் சென்று, யார்டில் நிற்கும் பிரேக்கர் நிஜமாகவே திறந்ததா என்று பார்த்த பிறகே கையெழுத்து. நடுவில் ஒரு ஒயர் கழன்றிருந்தாலும் ரிலே மட்டும் வீரமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதேபோல் பின்காப்பு இருக்கிறது என்று நம்பி முன்காப்பைத் தளர்த்தக் கூடாது. நாளைக்கு வேறொருவர் வந்து பின்காப்பின் அமைப்பை மாற்றுவார். நீங்கள் அதை நம்பியிருப்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாவது பாடம் நேர் எதிரானது. 2013 மார்ச் 11 இரவு. பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு அப்போது புதிது; அதில் தகவல் சேமிக்கும் கிடங்கை மாற்றியிருந்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய ஒரு பக்கம் வந்தது. 0.8 அதை ஏற்றுக்கொண்டது. 0.7-உம் அதற்கு முந்தையவையும், பழைய கிடங்கில் யாரும் கவனிக்காத ஒரு வரம்பு இருந்ததால், அதே பக்கத்தைத் தள்ளிவிட்டன. ஒரே ஊரில் இரண்டு கணக்குப் புத்தகம் ஓட ஆரம்பித்தது. பெரிய சுரங்கக் குழுக்களைக் கேட்டுக்கொண்டு பழைய பதிப்புக்கே திரும்பச் செய்து, பல மணி நேரம் கழித்து ஒரே சங்கிலிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை. தள்ளக் கூடாததைத் தள்ளியதுதான் தவறு.

மின்சாரக்காரர்களுக்கு இது 2012 ஜூலை 30, 31 தேதிகளை நினைவூட்டும். வட இந்தியாவே இருண்ட நாட்கள் அவை. பீனா–குவாலியர் 400 கே.வி. லைன் அதிகச் சுமையில் இருந்தபோது, லைனில் கோளாறு எதுவும் இல்லாமலே, அந்தச் சுமையைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ரிலே லைனைத் திறந்துவிட்டது. அடுத்தடுத்து லைன்கள் விழுந்தன. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சரிந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் இருந்தார்கள். நம் தென்னகக் கட்டமைப்பு அப்போது அவற்றோடு நேரடியாக இணைந்திருக்கவில்லை. அதனால் நாமக்கல் கோழிப்பண்ணையும் பள்ளிபாளையம் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. காவல்காரன் தூங்கினாலும் ஆபத்து, வீட்டுக்காரரையே திருடன் என்று அடித்தாலும் ஆபத்து. சோதனை இரண்டு பக்கமும் வேண்டும்.

"அரசாங்கப் பிளாக்செயின் அப்படி இல்லை சார். அதில் முன்பின் தெரியாத எவனும் நுழைய முடியாது. அனுமதி பெற்ற அலுவலகங்கள் மட்டும்தான்" என்று ஒரு பதில் வரும். உண்மைதான். ஆனால் அனுமதி என்பது ஒரு சாவி. சாவி தவறான கைக்குப் போகும். சில சமயம் சரியான கையே தவறு செய்யும். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று ஊர்களில் மூன்று பிரதிகள் இருக்கின்றன என்பது வெள்ளத்துக்கும் தீக்கும் நல்ல பாதுகாப்பு. மென்பொருள் தவறுக்கு அது பாதுகாப்பே இல்லை. மூன்றிலும் ஒரே மென்பொருள் ஓடினால் மூன்றும் ஒரே தவறை ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும். 400 கே.வி. லைனுக்கு இரண்டு முதன்மை ரிலேக்கள் வைக்கும்போது வேறு வேறு கம்பெனித் தயாரிப்பாகவோ வேறு வேறு தத்துவத்தில் இயங்குவதாகவோ வைப்பது இதனால்தான். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒரே விதிகளை வைத்துப் பல குழுக்கள் தனித்தனியாக நோட் மென்பொருள் எழுதியிருக்கின்றன. ஒரே கேள்வியை எல்லாவற்றுக்கும் கொடுத்து, பதில் மாறுகிறதா என்று சோதனைக் கூடத்திலேயே பார்த்துவிடலாம். பதில் மாறினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நோட்டால் எதைப் பிடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் என்ற இந்தியக் காயின் சந்தையின் பெட்டகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், களவு போனது. அங்கே பிளாக்செயினின் நோட்கள் எதுவும் தவறு செய்யவில்லை. போட வேண்டிய கையொப்பங்கள் எல்லாம் இருந்தன, கையொப்பம் பொருந்தியது, நோட்கள் ஏற்றுக்கொண்டன. கையெழுத்துப் போட்டவருக்கு எதில் போடுகிறோம் என்று தெரியுமா என்பதை நோட் கேட்காது. அந்தச் சந்தையில் காயின் வைத்திருந்த சென்னைப் பெண்மணி ஒருவரின் வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோ காயினும் ஒருவகைச் சொத்துதான் என்று சொன்னார். அதேபோல், தவறான பெயரில் ஏறிய பட்டாவைப் பிளாக்செயினில் போட்டால் அந்தத் தவறும் பத்திரமாகவே இருக்கும். ஆகவே சோதித்த நோட் என்பது தேவையான ஒன்று; அதுவே எல்லாமும் ஆகிவிடாது.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை ஒதுக்கீடு அல்ல. எங்கள் எம்.ஆர்.டி. படிவத்தில் இருந்தது போல ஒரு பட்டியல். எந்தெந்தக் கள்ளக் கணக்குகளைக் கொடுத்தீர்கள், எதெல்லாம் தள்ளப்பட்டது, எந்த நல்ல கணக்காவது தவறித் தள்ளப்பட்டதா என்று ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியிடுங்கள். ஒரு வரியை மாற்றினாலும் பட்டியல் முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள். 2018-இன் பாடம் அதுதான். ஒவ்வொரு தடையாக வேண்டுமென்றே எடுத்துவிட்டு, உங்கள் சோதனை கூச்சல் போடுகிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் அந்தச் சோதனை இருந்தும் இல்லாததுதான். மனிதனுக்குத் தோன்றாத கோணல்களைக் கம்ப்யூட்டரே லட்சக்கணக்கில் உருவாக்கி எறிந்து பார்க்கும் முறை இருக்கிறது. ‘ஃபஸ்’ சோதனை என்கிறார்கள். அதை இரவு பகலாக ஓட விடுங்கள். செய்தவரே சோதித்தேன் என்று சொல்வதை ஏற்காதீர்கள். வெளியாள் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்து நல்லெண்ணத்தோடு சொல்ல வந்தால் அவர் மீது வழக்குப் போடாமல் சன்மானம் கொடுங்கள்.

"இதையெல்லாம் வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகாதா?" என்று கேட்பார்கள். திருத்திய பிறகு வெளியிடுங்கள் என்பதே என் பதில். 2018-இல் அப்படித்தான் செய்தார்கள்: முதலில் திருத்தம், மூன்றே நாளில் முழு விளக்கம். மூடி வைத்த சோதனையைத் திருடனும் நம்பமாட்டான், நாமும் நம்பக் கூடாது.

நம் வயதில் இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நமக்குத்தான் வேண்டும் என்பேன். கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு மென்பொருள் எழுதத் தெரியும். ஒரு பட்டா தப்பாகப் போனால் ஒரு குடும்பம் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பெங்களூரிலோ சென்னையிலோ இந்த வேலையில் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது "என்னப்பா செய்கிறாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நீ செய்ததில் எதைத் தள்ள வேண்டுமோ அதைத் தள்ளுகிறதா என்று யார் பார்த்தார்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்லது. யோசித்தால் அதைவிட நல்லது.